வீட்டை எங்கே நிறுத்துவது

ஜூன் 2, திங்கள்

இன்று காலை ஆறு மணிக்குத் திருச்செங்கோட்டிலிருந்து என் இந்தியச் சுற்றுப்பயணம் தொடங்கியது. முப்பத்தைந்து வருடம் போர்வெல் வண்டியோடு நாக்பூர், ராய்ப்பூர், நாந்தேடு என்று அலைந்து துளை போட்டவன் நான். அந்த ஊர்களை எல்லாம் பூமிக்குக் கீழே எண்ணூறு அடி வரை தெரியும். பூமிக்கு மேலே பார்த்ததில்லை. அதைப் பார்ப்பதற்குத்தான் இந்தப் பயணம். வேறு காரணம் எதுவும் கிடையாது என்பதை முதல் பக்கத்திலேயே எழுதி வைக்கிறேன்.

வண்டி நாமக்கல்லில் பாடி கட்டியது. இரண்டு படுக்கை, சமையல் மேடை, கக்கூஸ், ஏசி எல்லாம் உண்டு. கூரையின் நடுவில் இவ்வளவு கனமான கொக்கி எதற்கு என்று பட்டறைக்காரன் கேட்டான். வாழைத்தார் தொங்கவிட என்றேன். வாழைத்தாருக்கு இதில் பாதி போதுமே என்றான். ஆட்டினாலும் தாங்க வேண்டும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

முதல் நிறுத்தம் காசி என்று சொந்தக்காரர்களிடம் சொல்லியிருக்கிறேன். காசிக்குப் பெங்களூர் வழிதானே பக்கம், நீங்கள் ஏன் சென்னைப் பக்கம் போகிறீர்கள் என்று மச்சினன் கேட்டான். அவனுக்கு ரோட்டைப் பற்றி என்ன தெரியும்.

சாயங்காலம் மேடவாக்கம் ஏரிக்கரையில் நிறுத்தினோம். மேடவாக்கத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் காற்று. சாரதாமணி சிரித்தாள். முப்பத்து நான்கு வருடமாக என்னோடு குடும்பம் நடத்துகிறவளுக்கு எப்போது சிரிக்க வேண்டும் என்று தெரியவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பல் துலக்கிக்கொண்டு கீழே இறங்கினால் பதினைந்து பேர் நிற்கிறார்கள். இந்த ஊரில் கேரவன் என்றால் உள்ளே நடிகர் இருந்தாக வேண்டும். யார் சார் உள்ளே என்று கேட்டார்கள். என் சம்சாரம் என்றேன். ஒருவரும் நம்பவில்லை. சாரதாமணி தலையை அள்ளி முடிந்துகொண்டு அரிசி கழுவிய தண்ணீரை ஊற்ற வந்த பிறகுதான் கூட்டம் மனம் உடைந்து கலைந்தது. ஒரு அம்மா மட்டும் நின்று, இது சர்க்கரை பார்க்கிற வண்டியா என்று கேட்டுக்கொண்டே விரலை நீட்டினார்.

பத்து மணிக்குப் போலீஸ்காரர் ஒருவர் வந்தார். இது வண்டியா, வீடா என்றார். வண்டி என்றேன். வண்டி இங்கே நிற்கக் கூடாது என்றார். அப்படியானால் வீடு என்றேன். வீடு என்றால் ஏரி ஆக்கிரமிப்பு, இடிக்க வேண்டும் என்றார். சக்கரம் இருக்கிறதே என்றேன். அப்போது வண்டிதான் என்றார். அவர் கெட்டிக்காரர். நாந்தேடில் ஊருக்கு நடுவில் மூன்று மாதம் ரிக் வண்டியைப் போட்டுத் தூங்கியிருக்கிறேன், ஒரு ஈ காக்கை கேட்டதில்லை. என் சொந்த மாநிலத்துத் தலைநகரில் இரண்டு படுக்கை அளவு இடம் இல்லை.

ஜூன் 4, புதன்

ஏரிக்கரையிலிருந்து நகர்ந்து ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் எதிரில் நிறுத்தினேன். நிழல் நன்றாக இருந்தது. மூன்றாவது மாடியில் ஒரு பால்கனியில் மஞ்சள் துணி காய்ந்தது என்பதைத் தவிர அந்தக் கட்டடத்தில் விசேஷம் எதுவும் இல்லை.

குடியிருப்புச் சங்கச் செயலாளர் வந்தார். அரைக்கால் சட்டை போட்டவர். எங்கள் கேட்டுக்கு உள்ளேயே விருந்தாளிகள் வண்டிக்கு இடம் இருக்கிறது, கரண்டுகூடத் தருவோம், எந்த வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள், அதை மட்டும் சொல்லுங்கள் என்றார். எந்த வீட்டுக்கும் வரவில்லை என்றேன். அப்படியானால் கிளம்புங்கள் என்றார். குடத்தில் குடிதண்ணீர் மட்டும் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டபோது, எந்த ஊர், என்ன ஆட்கள் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. தண்ணீர் கேட்கிற மனிதனிடம் கேட்கிற கேள்வியா இது. இவர்கள் எல்லாம் படித்தவர்கள்.

மத்தியானம் திருச்செங்கோட்டிலிருந்து புரோக்கர் போன் செய்தான். நம்முடைய லைன் வீட்டுக்கு வாடகை கேட்டு ஒரு குடும்பம் வந்திருக்கிறதாம், பேங்கில் வேலையாம். வேலை கிடக்கட்டும், என்ன ஆட்கள் என்று முதலில் விசாரித்துவிட்டுச் சொல் என்றேன்.

எழுதாமல் விட்டால் ஏதோ மறைப்பதுபோல் ஆகிவிடும், அதனால் எழுதுகிறேன். அந்த மூன்றாவது மாடியில் எங்கள் பெண் குடியிருக்கிறாள். மூன்று வருடத்துக்கு முன் அவளாகப் பார்த்து ஒரு பையனைக் கட்டிக்கொண்டாள். படிப்பு, வேலை, குணம் எல்லாம் இருக்கிறதாம். நம் ஆட்கள் இல்லை. கல்யாணத்துக்கு அழைத்தார்கள், நான் போகவில்லை, சாரதாமணியையும் விடவில்லை. அந்தப் பையனைத் தவிர அவன் பக்கத்து மனிதர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. உன் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன், அங்கே கை நனைக்க மாட்டேன் என்று பங்காளிகள் அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சொன்னால் சொன்னதுதான்.

ஆனால் தெரு அவளுடைய வாசப்படி இல்லை. தெரு அரசாங்கத்துடையது. இதை யாரும் மறுக்க முடியாது.

அவளுக்கு இந்த மாதம் இருபதாம் தேதி என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சாரதாமணி ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள். நான் ஜன்னல் இல்லை, அதனால் பதில் சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

நேற்று ஒரு கல்யாண மண்டபத்து வளாகத்தில் வண்டியை விட்டோம். முகூர்த்த நாள், ஐம்பது வண்டிகளோடு ஐம்பத்தொன்றாக நின்றது. காலையில் ஒருவர் ஓடி வந்து, பொண்ணு வீடா மாப்பிள்ளை வீடா என்று கேட்டார். பொண்ணு வீடு என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. உடனே உள்ளே இழுத்துக்கொண்டு போய்ச் சந்தனம் கொடுத்து, முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். இவ்வளவு பெரிய வண்டியில் வந்தவன் நெருங்கிய சொந்தமாகத்தான் இருப்பேன் என்று அவர்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள்.

பெண்ணின் அப்பா என் வயது ஆள். சட்டை முழுக்க வேர்வை. யாரென்றே தெரியாத என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று கெஞ்சினார். தாலி கட்டும்போது நான் அந்த ஆளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூக்கைத் துடைப்பதுபோல் பாவனை செய்தார். எனக்குப் பொறாமையாக இருந்தது. இந்த வரியை அடித்துவிடலாமா என்று பார்க்கிறேன். அடித்தால் இன்னும் அசிங்கமாகத் தெரியும், இருக்கட்டும்.

சாப்பாடு எப்படி என்று சாரதாமணி கேட்டாள். பாயசத்தில் சர்க்கரை அதிகம் என்றேன். நான் பந்திக்கே போகவில்லை.

மூன்று மணிக்கு மேனேஜர் வந்து, அடுத்த கல்யாணத்துக்காரர்கள் வருகிறார்கள், நீங்கள் அதிலும் பொண்ணு வீடா என்று கேட்டார். கிளம்பிவிட்டோம்.

ஜூன் 6, வெள்ளி

பெட்ரோல் பங்க். கக்கூஸ் தொட்டி நிரம்பிவிட்டது. இந்தியச் சுற்றுப்பயணத்தைப் பற்றி இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 7, சனி

சாரதாமணி தினமும் காலையில் மூட்டுவலிக்கு நடக்கப் போகிறாள். ஒன்றரை மணி நேரம். நடப்பதற்குத் தூக்குப்போசி எதற்கு என்று நான் கேட்பதில்லை. இன்று நடந்துவிட்டு வந்தவள், சித்தாலப்பாக்கத்தில் நம் வண்டிக்கு இடம் கிடைத்திருக்கிறது என்றாள். இவள் நடக்கிற நடையில் இடமெல்லாம் கிடைக்கிறது.

பள்ளிக்கூடப் பஸ்கள் நிறுத்துகிற மைதானம். பதினெட்டு பஸ். பார்த்துக்கொள்கிறவர் பெயர் மாசிலாமணி. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர், ஒல்லி, காக்கிச் சட்டை, விரல் இடுக்கில் கிரீஸ். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை, அதுதான் வீடு. மனைவி போய்ச் சேர்ந்து பல வருடம். நாங்கள் போவதற்குள் ஒரு மூலையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்து, கரண்டு ஒயர் இழுத்து, ஹோஸ் குழாய்கூடப் போட்டு வைத்திருந்தார். முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு செய்கிற ஆள் சென்னையில் இருக்கிறார் என்றால் ஆச்சரியம்தான்.

வண்டியை உள்ளே விடும்போதே சத்தத்தைக் கேட்டு, கிளட்ச் பிளேட் தேய்ந்துவிட்டது என்றார். பட்டறைக்காரனைத் திட்டினேன். மனிதர் எனக்குப் பிடித்துப்போனார். பேச்சோடு பேச்சாக, நீங்கள் எந்தப் பக்கம், என்ன ஆட்கள் என்று கேட்டேன்.

"பஸ்ஸு ஆளுங்க சார்" என்றார்.

சரியான பதில் இல்லை. ஆனால் அதற்கு மேல் கேட்கவும் முடியவில்லை.

அவர் அறைச் சுவரில் ஓர் ஆணி இருக்கிறது, அதன் கீழே படம் மாட்டியிருந்த அளவுக்குச் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரிகிறது. ஒரு காலண்டராவது மாட்டுங்கள் என்றேன். மாட்டலாம் சார், நேரம் வரட்டும் என்றார். காலண்டர் மாட்ட எதற்கு நேரம்.

ஜூன் 8, ஞாயிறு

மாசிலாமணி நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார். அவர் அறையில் கீழே உட்கார்ந்து மூன்று பேரும் சாப்பிட்டோம். ரிக் வண்டியில் பையன்கள் ஆக்கிப் போட்டதற்குப் பிறகு ஓர் ஆண் கையால் இப்படிச் சாப்பிட்டதில்லை. இரண்டு முறை சோறு வாங்கினேன். சாரதாமணி ஏனோ என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கை கழுவச் செம்பில் தண்ணீர் எடுத்து ஊற்றியவர், "எங்க வீட்ல கை நனைச்சீங்க சார். அது போதும்" என்றார். கண் கலங்கியிருந்தது. மிளகாய் காரமாக இருக்கும்.

ஜூன் 10, செவ்வாய்

காசிக்குக் கிளம்ப முடியவில்லை. ஏசியில் கேஸ் போடவேண்டும்.

ஜூன் 11, புதன்

காசிக்குக் கிளம்ப முடியவில்லை. ஏசி சரியாகிவிட்டது, ஆனால் வடக்கே வெயில் அதிகம் என்று செய்தியில் சொன்னார்கள்.

காலையில் பஸ்கள் எல்லாம் போன பிறகு மைதானம் காலியாகிவிடும். அப்போது மாசிலாமணியும் நானும் நாற்காலி போட்டு உட்கார்ந்து டயர், டீசல், டிரைவர்கள் என்று பேசுவோம். இன்று அவர் குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஒரே மகன். கல்யாணம் ஆகி மருமகள் மாசமாக இருக்கிறாளாம், இந்த மாதம் பிரசவமாம். மருமகளைப் பற்றிச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், தானே செய்த இன்ஜினைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறார். எனக்குக் கேட்கப் பிடித்திருந்தது. அவளுடைய அம்மா அப்பா என்ன செய்கிறார்கள் என்று கேட்டேன். அம்மா வந்து போகிறாராம். அப்பா மட்டும் வருவதில்லையாம்.

பெற்ற பெண் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கும்போது எட்டிப் பார்க்காதவன் என்ன மனிதன், திமிர் பிடித்தவனாக இருப்பான் என்றேன்.

"அப்டி சொல்லாதீங்க சார். கோவக்காரரு. திமிரெல்லாம் இல்ல" என்றார்.

நீங்கள் பெருந்தன்மையாகப் பேசுகிறீர்கள், உங்களை மாதிரிச் சம்பந்தி கிடைக்க அந்த ஆள் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றேன். பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்த சாரதாமணி எழுந்து வண்டிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கதவுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மருமகள் பெயரை நான் கேட்கவில்லை. சென்னையில் ஒரு கோடிப் பேர் இருக்கிறார்கள். ஜூன் மாதம் எத்தனையோ பேருக்குப் பிள்ளை பிறக்கும்.

ஜூன் 13, வெள்ளி

காசிக்குக் கிளம்பவில்லை.

ஜூன் 14, சனி

ஊரிலிருந்து கொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டை இரண்டு டஜனும் குங்குமப்பூ டப்பாவும் வண்டியில் சும்மா கிடக்கின்றன. கெட்டுப்போகும் என்று மாசிலாமணியிடம் கொடுத்து, உங்கள் மருமகளுக்குக் கொடுங்கள் என்றேன். குங்குமப்பூ கெட்டுப்போகாது என்று அவர் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

மருமகளுக்கு ரத்தக்கொதிப்பு கொஞ்சம் கூடியிருப்பதாகவும், உப்பைக் குறைக்கச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். நான் சும்மா, எவ்வளவு இருக்கிறது என்று கேட்டேன். நூற்று ஐம்பதாம். அடுத்த தடவை எப்போது பார்ப்பார்கள், எந்த டாக்டர், ராத்திரி தூக்கம் வருகிறதா, கால் வீங்கியிருக்கிறதா என்றும் கேட்டேன். அடுத்தவர் வீட்டு விஷயம், ஒரு மரியாதைக்குக் கேட்பதுதான்.

ஜூன் 15, ஞாயிறு

சாரதாமணி உப்பில்லாமல் சமைத்துத் தூக்குப்போசியை நிரப்பிக்கொண்டு மூட்டுவலிக்கு நடக்கப் போனாள். மிச்சத்தை எனக்குப் போட்டாள். பேசாமல் சாப்பிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய். செங்கல்பட்டு தாண்டி, ரோட்டோரம்

பேனா தாளைக் கிழிக்கிறது. கோபத்தில்தான்.

காலை ஆறரை மணிக்கு மைதானத்துக்குள் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஓட்டி வந்தவன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அந்த முகம் எனக்குத் தெரியும். மூன்று வருடத்துக்கு முன் பெண் கேட்டு வந்து, திருச்செங்கோட்டில் என் வீட்டு முன்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி ஒரு மணி நேரம் நின்றான். உட்கார் என்று நான் சொல்லவில்லை. அன்புச்செல்வன். அவன் மாசிலாமணியைப் பார்த்து "அப்பா" என்றான். வலி வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டோம் என்றான். பிறகு என்னைப் பார்த்து "வணக்கம் மாமா" என்றான். அந்த அவசரத்திலும் மறக்கவில்லை.

சாரதாமணி வண்டியிலிருந்து பையோடு இறங்கினாள். பை முதலிலேயே கட்டி வைத்திருந்தாள்.

எல்லாரும் சேர்ந்து என்னை ஏமாற்றிவிட்டீர்களா என்று கத்தினேன். பதினெட்டு பஸ் டிரைவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சாரதாமணி நின்றாள். குரலைக்கூட உயர்த்தவில்லை.

"யாருங்க ஏமாத்துனது? மூணு வருசமா நீங்கதான் உங்களையே ஏமாத்திக்கிட்டு இருக்கறீங்க. பத்து நாளா அவுங்க வீட்ல கை நனைச்சீங்களே, கை என்ன அழுகியா போச்சு?"

அவ்வளவுதான். அன்புச்செல்வன் பின்னால் ஏறி உட்கார்ந்து போய்விட்டாள். முப்பத்து நான்கு வருடத்தில் அவள் மோட்டார் சைக்கிளில் ஏறி நான் பார்த்ததில்லை.

நான் வண்டியைக் கிளப்பினேன். தடுப்பார் என்று நினைத்தேன். மாசிலாமணி தடுக்கவில்லை. கரண்டு ஒயரைப் பிடுங்கிச் சுருட்டி என் படியருகில் வைத்தார். கேட்டை இரண்டு பக்கமும் விரியத் திறந்தார்.

"நான் ஆஸ்பத்திரி போறேன் சார். கேட்டு தொறந்தேதான் இருக்கும். நீங்க போனாலும் சரி, திரும்பி வந்தாலும் சரி" என்றார்.

சார் என்றுதான் சொன்னார். பத்து நாளில் ஒருமுறைகூட வாய் தவறி என்னைச் சம்பந்தி என்று கூப்பிடவில்லை. எவ்வளவு கவனமாக இருந்திருப்பார் என்று தாம்பரம் வரும்வரை யோசித்தேன். அதுவும் எரிச்சலாக இருந்தது.

செங்கல்பட்டைத் தாண்டி டீக்கடையில் நிறுத்தினேன். டீ வாயில் வைக்க முடியவில்லை, ஆறிவிட்டது. பத்து மணிக்குச் சாரதாமணி போன் செய்தாள். ரத்தக்கொதிப்பு ஏறிவிட்டதாம், ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோய்விட்டார்களாம். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தா என்று கேட்டேன். டாக்டர் சரியாகச் சொல்லவில்லை என்றாள். மூக்கை உறிஞ்சிவிட்டு மேலே பேசினாள்.

"உள்ள கொண்டுபோறப்போ, அப்பா எங்கம்மானு கேட்டாளுங்க. நான் என்ன சொல்ல? வண்டிக்கு எடம் பாக்கப் போயிருக்காரு, வந்துருவாருனு சொல்லி அனுப்பியிருக்கேன்."

திரும்புகிறேன். இந்தப் பக்கம் டீசல் தரம் சரியில்லை.

ஜூன் 18, புதன்

டீசலைப் பற்றி நேற்று எழுதியது பொய். கிலோமீட்டர் கணக்கு பார்க்காமல், மஞ்சள் விளக்கு சிவப்பு விளக்கு பார்க்காமல் ஓட்டினேன். ரிக் வண்டி ஓட்டின காலத்தில்கூட அப்படி ஓட்டியதில்லை. அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று ஒரு நினைப்பு வரும், உடனே ஹாரனை அழுத்துவேன். வழி முழுக்க ஹாரன்தான்.

ஆஸ்பத்திரி வாசலில் நீலச் சட்டைக் காவலாளி ஒருவன் நோட்டோடு உட்கார்ந்திருந்தான். பாஸ் இல்லாமல் உள்ளே போக முடியாது என்றான்.

"பேஷன்ட் பேரு?"

"மோகனப்பிரியா" என்றேன்.

மூன்று வருடமாக அந்தப் பெயர் என் வாயில் வரவில்லை. இந்த நோட்டிலும் இப்போதுதான் எழுதுகிறேன். அவள் பிறந்தபோது நான் ராய்ப்பூரில் இருந்தேன். எஸ்டிடி பூத்தில் நின்றுகொண்டு சாரதாமணியிடம் சண்டை போட்டு நான் வைத்த பெயர்.

என்ன உறவு என்று கேட்டான்.

"அப்பா."

அவன் நோட்டில் விரலை வைத்து வரி வரியாகத் தேடினான். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அப்பா ஏற்கெனவே உள்ள இருக்காரு சார். மாசிலாமணினு எழுதியிருக்கு. ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு அப்பாதான்."

இந்த இரண்டு வாரத்தில் போலீசிடம் வாதாடினேன், சங்கச் செயலாளரிடம் வாதாடினேன், மண்டப மேனேஜரிடம்கூட வாதாடினேன். இவனிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. நோட்டில் எழுதியிருந்ததில் தப்பு எதுவும் தெரியவில்லை. ஒன்பது மாதம் யார் அங்கே நின்றார்களோ அவர் பெயர் அங்கே இருந்தது. ஓரமாக ஒதுங்கி நின்றேன். காவலாளி அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.

எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. மாசிலாமணி மருந்துச் சீட்டோடு கீழே இறங்கி வந்தார். என்னைப் பார்த்ததும் சீட்டைப் பையில் வைத்துவிட்டு நேராகக் காவலாளியிடம் போய், நோட்டில் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார்.

"அத அடிச்சுடு தம்பி. இவுருதான் அப்பா."

"அப்ப நீங்க யாரு?"

"மாமனாரு."

மாமனாருக்கெல்லாம் பாஸ் கிடையாது, ஒருவர்தான் போகலாம் என்றான். தெரியும் என்று சொல்லிவிட்டு, மாசிலாமணி கழுத்தில் தொங்கிய அட்டையைக் கழற்றி என் கழுத்தில் மாட்டினார். பொண்ணு பொறந்திருக்குது, ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க, நான் வெளியே நிற்கிறேன் என்றார். மூன்று வருடம் நான் நிற்க வைத்த குடும்பம்தான். நின்று பழகியிருப்பார்.

"நீங்களும் வாங்கோ, சம்பந்தி" என்றேன். காவலாளி முறைத்தான். மாசிலாமணி சிரித்துக்கொண்டே என்னை லிஃப்ட் பக்கம் தள்ளிவிட்டார்.

மூன்றாவது மாடி. அறை வாசலில் நின்றேன். சாரதாமணி குழந்தையை மடியில் வைத்திருந்தாள், என்னைப் பார்த்துவிட்டுக் குழந்தையின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மோகனப்பிரியா படுத்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது, கையில் ஊசி, உதடு வெடித்திருந்தது. மூன்று வருடத்தில் என் பெண் எனக்குத் தெரியாமல் பெரியவளாகிவிட்டாள். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஏன் வரவில்லை என்று கேட்பாள், என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும் என்று நின்றேன். அவள் அம்மா சொன்னதை அப்படியே நம்பிக்கொண்டுதான் உள்ளே போயிருக்கிறாள்.

"வண்டிக்கு எடம் கெடைச்சுதாப்பா?"

"கெடைச்சுது கண்ணு" என்றேன். அவள் கால்மாட்டில் உட்கார்ந்து அழுதேன்.

வண்டியை எங்கே விட்டுவிட்டு வந்தேன் என்று எனக்கு நினைவில்லை.